முதலில் பிறேக், பிறகு எஞ்சின்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கராஜில் மாற்றிக் கட்டிய கார்களை எல்லாம் பொலிஸ் பறிமுதல் செய்து நசுக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை வீதியில் இரவு பத்து மணிக்குப் பிறகு கேட்கிற சத்தம், சந்தியில் ரயர் எரிக்கிற புகை, நித்திரை இல்லாமல் கிடக்கிற வயதானவர்கள் என்று அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. என் வீடும் வீதிக் கரையில்தான் இருக்கிறது. சத்தம் போடுகிறவனைப் பிடிக்கட்டும், தண்டம் அடிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டுகிற கையையே முறிக்கச் சொல்வதை என்னால் பேசாமல் வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. கொக்குவிலில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன் நான். அப்பாவும் அதே மெசினில் நின்றவர். இந்தப் பெடியள் பல பேர் என்னிடம் வந்து போகிறவர்கள்.

பத்திரிகையில் வருகிற ஒரு கட்டுரைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதற்கு மோட்டார் உலகத்திலேயே ஒரு கதை உண்டு. அவுஸ்திரேலியாவில் ஃபோர்ட் கொம்பனி 1971இல் ஃபால்கன் ஜீ.ரி.எச்.ஓ. ஃபேஸ் மூன்று என்று ஒரு கார் விட்டது. பார்த்தால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற நாலு கதவுக் கார். உள்ளே 351 கன அங்குல, அதாவது 5.8 லீற்றர், வீ-8 எஞ்சின். கொம்பனி எழுதிக் கொடுத்தது 300 குதிரை வலு. உண்மையில் அதைவிட நல்லாய்க் கூட என்று அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். மணிக்கு 225 கிலோமீற்றருக்கு மேல் போகும். 36 கலன் பெற்றோல் தாங்கி. ஏன் ஒரு வீட்டுக் காருக்கு அவ்வளவு பெரிய தாங்கி? பாதர்ஸ்ட் மலைப் பந்தயத்தில் அப்போது கடையில் விற்கிற காரைத்தான் ஓட்டலாம் என்பது விதி. பந்தயத்துக்கு எது வேணுமோ அதை வீட்டுக் காரிலேயே போட்டு விற்றார்கள். அந்த வருடம் அலன் மொஃபற் சிவப்பு ஃபேஸ் மூன்றில் பாதர்ஸ்டை வென்றார். ஓட்டத்தின் நடுவே ஒரு அட்டைப் பெட்டி பறந்து வந்து காரின் முன் கிறில்லில் ஒட்டிக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துப் பார்த்தே ஓடினார்.

அடுத்தது ஃபேஸ் நாலு. 1972 ஜூனில் சிட்னிப் பத்திரிகை ஒன்று மணிக்கு 160 மைல் ஓடக்கூடிய கார்கள் வீதிக்கு வரப்போகின்றன என்று முதற்பக்கத்தில் போட்டது. சில நாட்களுக்குள் அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் அவற்றைச் சில்லுப் பூட்டிய துப்பாக்கிக் குண்டுகள் என்றார். கொம்பனிகள் பயந்து பின்வாங்கின. ஃபேஸ் நாலு நாலே நாலு கார்களோடு நின்றுபோனது. அந்த அமைச்சர் கவலைப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம் பிறேக் வைத்த காருக்கு அந்த வேகம் பெரிய விஷயம். ஆனால் பிறேக்கைத் திருத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. காரை நிற்பாட்டு என்றுதான் கேட்டார்கள். தங்கள் வாசகரும் இன்று அதையே கேட்கிறார்.

இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தங்கையின் மகன் மெல்பேணில் ஒரு ஃபேஸ் மூன்றின் நினைவுக் கார், அதாவது அசலைப் பார்த்துக் கட்டுகிற கார், கட்டியிருக்கிறான். அசல் ஃபேஸ் மூன்று ஏலத்தில் ஒரு மில்லியன் டொலரையும் தாண்டிப் போயிருக்கிறது. அவனுக்கு அது கனவிலும் எட்டாது. அதே 1971ஆம் ஆண்டு மாதிரியில் வந்த சாதாரண ஆறு சிலிண்டர் ஃபால்கன் ஒன்று ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி ஏறிக் கிடந்தது. அதன் கூட்டை வாங்கினான். பிள்ளை பிறந்த கொண்டாட்டத்துக்கு நான் அங்கே போயிருந்தபோது வேலை பாதியில் நின்றது. வீட்டுச் சனம் எல்லாம் கடற்கரை பார்க்கப் போக, நான் அவனுடைய ஷெட்டில்தான் இருந்தேன்.

அவன் செய்த ஒழுங்கைத்தான் இங்கே சொல்ல வேண்டும். நம் பெடியள் செய்கிற ஒழுங்குக்கு அது நேர் எதிர். எஞ்சின் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது. ஃபோர்ட்டின் புது ஐந்து லீற்றர் வீ-8, வால்வைத் திறக்கிற கேம் தண்டு நாலு, 460 குதிரை வலு. அது பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அவன் முதலில் கூட்டைப் பிடித்தான். அந்தக் காலத்து ஃபால்கனுக்குத் தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடம்புதான் செசி. ஐம்பது வருடத்துத் துருவோடு இருக்கிற அந்த உடம்பில் இவ்வளவு வலுவைப் போட்டு அமத்தினால் ஈரத் துணியைப் பிழிகிறமாதிரி முறுகும். கதவு ஒரு நாள் பூட்டும், ஒரு நாள் பூட்டாது. முன் கண்ணாடி தானாக வெடிக்கும். அதனால் பெயின்றை இரும்பு தெரியுமட்டும் உரித்து, கதவுக்குக் கீழே உக்கிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து, அடியில் இருக்கிற முன் பாரையும் பின் பாரையும் நெடுகலும் ஒரு பெட்டி இரும்பால் இணைத்து ஒட்டினான்.

பிறகு முன் பக்கம். பழைய எஞ்சினுக்குத் தள்ளுதண்டு வால்வு, அதன் தலை ஒடுக்கம். புது எஞ்சினுக்குத் தலையிலேயே கேம் தண்டுகள் இருப்பதால் அகலம் கூட. பழைய ஷொக் அப்சோபர் கோபுரங்களுக்கு இடையில் அது இறங்காது. கோபுரத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் சில்லைத் தாங்குகிற முழு அமைப்பையும் புதிதாகக் கட்ட வேண்டும். அவன் அதற்கென்றே செய்து விற்கிற முன் சட்டத்தை வாங்கிப் பூட்டினான். ஸ்ரியறிங்கும் அதோடு மாறியது. பழையதில் நடுவில் இரண்டு விரல் ஆட்டம் இருக்கும், ஃபால்கன்காரர் அதற்குப் பழகியவர்கள். இப்போது பல்லுச் சட்டத்தைப் பல்லுச் சில்லு நேரே தள்ளுகிற ரக் அன்ட் பினியன், ஆட்டமே இல்லை.

பிறேக்குக்கு முன்னால் 355 மில்லிமீற்றர் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற ஆறு பிஸ்டன் கலிப்பர். பின்னாலும் டிஸ்க். ட்ரம் பிறேக்கை ஏன் கழற்றினாய் என்று அவனிடம் கேட்டவர்களுக்கு நானே விளக்கம் சொன்னேன். ட்ரம் என்பது சில்லோடு சுற்றுகிற உருளை. அது சூடாகினால் விரியும், விரிந்தால் உள்ளே இருக்கிற ஷூவை விட்டு விலகும். மிதிக்கிறவன் இன்னும் மிதிக்க வேண்டும், இன்னும் சூடாகும். டிஸ்க் சூடாகினால் தடிக்கும், பாட் பக்கம்தான் வரும். வேகம் இரட்டித்தால் பிறேக் விழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. இது பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிற கணக்கு. 60இல் நல்லாய் நிற்கிற கார் 120இல் நிற்கும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அந்த டிஸ்கைப் பூட்டிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். நெளிவை அளக்கிற டயல் கேஜை வைத்து டிஸ்கைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். முள் ஆறு தௌ ஓடியது. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கு மேல் நான் விடமாட்டேன். டிஸ்க் புதுசு, பெட்டியில் இருந்து வந்தது, அது வளைந்திருக்க நியாயமில்லை. டிஸ்கைக் கழற்றி, அது பூட்டுகிற ஹப்பின் முகத்தை விரலால் தடவினேன். ஒரு இடத்தில் மெல்லிய பொருக்கு. ஹப்புக்குப் பெயின்ற் அடித்தபோது டிஸ்க் குந்துகிற முகத்திலும் ஒரு துளி பட்டுக் காய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தடிப்புத்தான். ஆனால் ஹப்பின் சிறிய வட்டத்தில் அது செய்கிற சரிவு டிஸ்கின் விளிம்புக்குப் போகையில் இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும். எண்ணெய்க் கல்லால் தேய்த்துத் துடைத்துத் திருப்பிப் பூட்டினோம். முள் ஒன்றரைத் தௌவில் நின்றது. "மாமா, இதைப் பாக்காமல் விட்டிருந்தால்?" என்று கேட்டான். கொஞ்ச நாளில் பிறேக் மிதி காலுக்குக் கீழே நடுங்கத் தொடங்கியிருக்கும், நீ இது கூடாத டிஸ்க் என்று சொல்லிப் புதிது வாங்கியிருப்பாய் என்றேன்.

இன்னொன்றையும் அவன் சரியாகச் செய்தான். அசலில் இருந்ததுபோல பொனற்றில் ஓட்டை வெட்டி, எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற, அதோடு சேர்ந்து ஆடுகிற குடுவையை வைத்தான். கோடுகளும் அசலைப் பார்த்துப் போட்டவைதான். ஆனால் உடம்பு இலக்கத் தகட்டில் கை வைக்கவில்லை. ஆறு சிலிண்டர் ஃபால்கனின் இலக்கமே இன்றும் இருக்கிறது. அந்தத் தகட்டை மாற்றி அசல் என்று விற்கிற கள்ளர் அங்கேயும் உண்டு. இவனுடைய காரை யார் பார்த்துக் கேட்டாலும், இது நினைவுக்குக் கட்டினது, அசல் இல்லை என்றுதான் சொல்கிறான். ஃபோர்ட் கொம்பனியே 2014இல் கடைசி ஜீ.ரி. ஃபால்கனை விட்டபோது அந்த 351 என்ற இலக்கத்தை மறக்கவில்லை. பழையதில் 351 கன அங்குலம், புதியதில் 351 கிலோவாற். அது புதுக் காராகவே வந்தது. 2016 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவில் ஃபோர்ட் தொழிற்சாலையே மூடிவிட்டது. இனி அந்த நினைவைக் கட்டுகிறவர்கள் இவனைப் போன்ற ஷெட்டுக்காரர்தான்.

இதெல்லாம் முடிந்தும் அவன் வீதியில் இறக்க முடியாது. மெல்பேண் இருக்கிற விக்ரோறியா மாநிலத்தில் இப்படி மாற்றிய காரை அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்த மனுசன் கார் முடிந்த பிறகு வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. தகடு மூட முன்னமே வந்து ஒட்டுகளைப் பார்த்தார். எஞ்சின் ஏற முன் பிறேக் பைப் ஓடுகிற பாதையைப் பார்த்தார், ஒரு இடத்தில் புகைக்குழாய்க்குக் கிட்டவாகப் போகிறது, மாற்று என்றார். கடைசியில் ஓட்டி நிற்பாட்டிக் காட்டச் சொன்னார். அரசாங்கம் அங்கே இந்த வேலையைத் தடுக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

சரி, இங்கே நிலைமை என்ன? வருடா வருடம் வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். நல்ல விஷயம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. ஒருவன் தன்னுடைய சொந்தக் காரில் இரண்டு மடங்கு வலுவுள்ள எஞ்சினைப் பூட்டினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைப் பதிந்து மாற்ற வேண்டும். பிறகு வருடா வருடம் புகை பார்ப்பார்கள். அந்தப் புகைப் பரிசோதனையில் கார் நிற்குமா என்று பார்ப்பதில்லை.

அண்மையில் ஒரு பெடியன் பழைய பெட்டி லான்சர் ஒன்றோடு பட்டறைக்கு வந்தான். ஊரில் இந்தக் கார்களுக்குத்தான் மவுசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரிவரைக்கும் திறக்கவில்லை. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கனடாவில் இருந்து அண்ணன் அனுப்பின காசில் டர்போ எஞ்சின் பூட்டியிருந்தான். வேலை சுத்தம், வயர் எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு அகலச் சில்லு போட ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவில் வைக்கிற தடித்த வளையம், கடைந்து தரவேணுமாம். அலுமினியத் துண்டும் கொண்டுவந்திருந்தான். சில்லைக் கழற்று என்றேன். பின்னுக்கு அதே பழைய ட்ரம். முன் பிறேக் ஹோஸை மடித்துப் பார்த்தால் றபரில் வெடிப்பு, உள் நூல் தெரிகிறது. அவனுக்கு அது தெரியாது. யாரும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. ஸ்பேசர் போட்டால் சில்லு வெளியே தள்ளும், பேரிங்குக்கும் போல்டுக்கும் விழுகிற பாரம் கூடும், போல்ட் பழசென்றால் ஒரு நாள் அறும் என்று தாளில் கீறிக் காட்டினேன். ஹோஸ் எல்லாம் மாற்றி, பின்னுக்கும் டிஸ்க் வைத்துக்கொண்டு வா, பிறகு உள்ளுக்கும் வெளியேயும் அளவாய்க் குந்துகிற ஓஃப்செற்றில் சில்லு வாங்கினால் ஸ்பேசரே தேவைப்படாது என்று அனுப்பினேன். முகம் கறுத்துத்தான் போனான். ஆனால் திரும்பி வந்தான், ஹோஸ் மாற்றிய காரோடு. பின் டிஸ்குக்குத் தாங்கித் தகடு இப்போது என் பட்டறையில்தான் செய்கிறோம். அவனே அளவெடுத்துக் கீறிக்கொண்டு வந்த படம்.

இந்தப் பெடியனுடைய காரைத்தான் நசுக்கச் சொல்கிறார்கள்.

1990இல் போரால், தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 பாதை மூடி, பெற்றோல் தடையான காலத்தை இளம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற பழைய ஆங்கிலேயக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த எஞ்சின்களுக்கு அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெய் தேங்குகிற சம்புக்கு இறங்கும். எஞ்சின் எண்ணெய் தண்ணியாகும், றிங் தேயும், பேரிங் தேயும். புதுச் சாமான் வராது. அப்பாவும் நானும் இரவில் லாம்பு வெளிச்சத்தில் ஸ்லீவ் கடைந்தோம், கிடைத்த வெண்கலத்தில் கிங்பின் புஷ் கடைந்தோம். கர்ப்பிணிப் பெண்களையும் காயப்பட்டவர்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவை அந்தக் கார்கள். அந்தக் காலத்துக் கராஜ்காரர் ஒருவரும் பொறியியல் படித்தவர் இல்லை. ஆனால் பிறேக்கை மிதித்துப் பார்க்காமல் ஒரு காரையும் படலைக்கு வெளியே விட்டதில்லை. அவர்களில் அனேகம் பேர் இப்போது இல்லை. அவர்கள் கை வேலை இந்தப் பெடியளிடம் கொஞ்சமாவது வந்திருக்கிறது என்றால் அதை வளர்க்க வேண்டியது நாங்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். எஞ்சின் மாற்றிய காருக்குப் புகையோடு சேர்த்து பிறேக்கையும் ஸ்ரியறிங்கையும் பார்க்க ஒரு ஏற்பாட்டை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் செய்யட்டும். ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பக்கத்திலேயே ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மோட்டார் வேலை படிப்பிக்கிறார்கள். திணைக்களத்துப் பரிசோதகரும் பீடத்து ஆட்களும் மாதத்தில் ஒரு நாள் ஒன்றாக நின்றால் வடக்கு மாகாணத்தில் இருக்கிற இப்படியான கார்களைப் பார்த்து முடிக்கலாம். தேறாத காருக்கு என்ன குறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் தண்டத் துண்டோடு அனுப்பினால் அவன் ஒளித்து ஓட்டத்தான் பார்ப்பான்.

ஓட இடமும் வேணும். தெற்கில் கட்டுக்குருந்தையில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கிறது. நுவரெலியாவில் ஏப்ரலில் மலையேற்றப் போட்டி இருக்கிறது. வடக்கில் எனக்குத் தெரிய எதுவும் இல்லை. இங்கேயிருந்து ஒரு பெடியன் கட்டுக்குருந்தைக்குக் காரைக் கொண்டுபோக லொறிக் காசே எவ்வளவு? வருடத்தில் ஒரு சில நாள், மூடிய ஒரு தார்த் தரை, அம்புலன்ஸ் ஒன்று, தீயணைப்பு வாகனம் ஒன்று. மாகாண நிர்வாகமும் மாநகர சபையும் மனம் வைத்தால் முடியாத காரியம் இல்லை. பருத்தித்துறை வீதி வாசிகளும் அன்றிரவு நித்திரை கொள்வார்கள்.

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்து தம்பிமாருக்குக் காசு அனுப்புகிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. தம்பி எஞ்சினுக்குக் காசு கேட்டால், பிறேக்குக்கு என்ன செய்தாய் என்று கேளுங்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு எஞ்சினுக்கு அனுப்புங்கள். கராஜ் வைத்திருக்கிற சகோதரர்களும் அதே ஒழுங்கில் வேலையை எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போவார் என்ற பயம் எனக்கும் தெரியும். எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் அவர் எங்கே போவார்?

கார் கட்டுகிற பெடியள் யாராவது இதை வாசித்தால், என் பட்டறையில் டயல் கேஜும் மைக்ரோமீற்றரும் இருக்கின்றன. அளந்து பார்க்கக் காசு வாங்கமாட்டேன். ஞாயிறு பூட்டு. மற்ற நாட்களில் காலையில் வாருங்கள், பின்னேரம் வெளிச்சம் போதாது. ஜக்கும் சில்லுச் சாவியும் உங்களுடையதைக் கொண்டுவரவேணும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைத் தொழிலாளி,
கொக்குவில்.